காண்டூர் கால்வாய்க்கு மேலே உள்ள மலை

ஆனைமலை அனுபவம் என்றாலே யானை, சிறுத்தை என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். நான் சொல்லப்போவது வரையாட்டைப் பற்றி, அதோடு எங்கள் வாய்க்கால் தண்ணீரைப் பற்றியும்.

எங்கள் தோட்டம் உடுமலைக்குக் கிழக்கே, பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டப் பாசனத்தில் இருக்கிறது. ஆயக்கட்டை, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பை, நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். எங்கள் முறை வரும்வரை வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். வாய்க்காலில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி எங்கள் பக்கம் பெய்த மழையே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் சோலையாறு, பரம்பிக்குளத்தில் பெய்வது. விட்டிருந்தால் சாலக்குடி ஆற்றோடு அரபிக்கடலுக்குப் போயிருக்கும். அணை கட்டி, மலையைக் குடைந்து, சர்க்கார்பதி மின் நிலையம் வழியாக இறக்கி, காண்டூர் கால்வாயில் 49 கிலோமீட்டர் மலைச்சரிவை ஒட்டியே ஓடவிட்டுத் திருமூர்த்தி அணையில் சேர்க்கிறார்கள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும், மலையேறிப் பார்த்தபோதுதான் மனதில் பதிந்தது. ஆடி மாதம் ஆழியாறில் சுள்ளென்று வெயில். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தினோம். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், நிற்கவே இடமில்லாத பாறையில் ஒரு வரையாட்டுக் கூட்டம் நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. பெரிய கிடா ஒன்று கரும்பழுப்பு நிறம், முதுகில் சேணம் போட்டதுபோல் வெள்ளிநிறத் திட்டு. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத விலங்கு அது. பக்கத்தில் ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினார். அப்பா, "வேண்டாமுங்க, அதுக்குப் புல்லு இருக்குதுங்க" என்று தன்மையாகச் சொல்ல, அவரும் உடனே மடித்து வைத்துக்கொண்டார்.

மேலே போகப் போக மழை பிடித்துக்கொண்டது. ஒரே மலையில் கீழே வெயில், மேலே விடாத மழை. தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் மோதி ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. வடக்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடப்பதால் அந்த வழியே வரும் காற்றில்தான் எங்கள் ஊர்க் காற்றாலைகள் சுற்றுகின்றன.

கொட்டும் மழையைப் பிடித்து வைப்பது உச்சியிலுள்ள புல்வெளியும், மடிப்புகளில் ஒதுங்கியிருக்கும் சோலைக்காடும். வரையாடு மேய்வது அந்தப் புல்வெளியில்தான். இதே மலைத்தொடரில் 2,695 மீட்டர் உயர ஆனைமுடியைச் சுற்றியிருக்கும் கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவும் அப்படிப்பட்ட இடமே. புல்வெளியை வெற்று நிலமென்று நினைத்து வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே சீகை (வாட்டில்) மரத்தை நட்டார்கள். அது பரவிய இடத்தில் புல் செத்துவிடுகிறது. அந்தப் புல் பிடித்து வைக்கும் தண்ணீர்தான் எங்கள் வாய்க்காலுக்கு வருகிறது என்பதால், இதைப் பற்றி என்னைப் போன்ற பாசன விவசாயிகள்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

போகிறவர்கள் காலையிலேயே மலையேறுங்கள். வால்பாறை அருகே புதுத்தோட்டம் பக்கம் மெதுவாக ஓட்டுங்கள், சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். இரவிகுளம் போவதாக இருந்தால், வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் வழக்கமாக மூடியிருக்கும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.