மதுரை ரேஸ்கோர்ஸ் ஹாக்கி குரூப்: யாரை விடுறது, யாரை வாங்குறது

பாண்டி, 7:12
ஹாக்கி இந்தியா லீக்ல நம்ம தமிழ்நாடு டிராகன்ஸுக்கு ஒரு கணக்குப் போட்டேன். 2024 ஏலத்து விலையை வச்சே பேசுவோம். ஜிப் யான்சனை வேற டீமுக்கு மாத்திவிட்டு அந்த 54 லட்சத்துல ஒரு ஃபார்வர்டு, ஒரு மிட்ஃபீல்டர், கூட ஒரு ஜூனியர்னு எடுத்திருந்தா எங்கிட்டோ போயிருக்கலாம். சரியா?

முத்து மாமா, 7:15
சரிதான். ஆனா வாங்கப் போறது யாரு? அதே மேனேஜ்மென்ட்தான? சந்தையில கொம்பை மட்டும் பாத்துட்டு மாடு புடிச்சுட்டு வருவாய்ங்க.

சேகர் அண்ணன், 7:21
வையிறதுக்கு முன்னாடி காசைப் பாருங்க மாமா. 2024 அக்டோபர் ஏலத்துல ஆண்கள் டீம் ஒவ்வொண்ணுக்கும் கையிருப்பு 4 கோடி. அதுக்குள்ள 24 பேரு எடுக்கணும். 16 இந்தியர், அதுல 4 ஜூனியர் கட்டாயம், மிச்சம் 8 வெளிநாட்டு ஆளுங்க. சராசரி தலைக்கு 16.67 லட்சம்.

சேகர் அண்ணன், 7:22
நம்ம டீமு யான்சனுக்கு 54, அமித் ரோகிதாஸுக்கு 48, கோலி (கோல்கீப்பர்) டேவிட் ஹார்ட்டுக்கு 32. மூணு பேருக்கே 1 கோடி 34 லட்சம். பாக்கி 21 பேருக்கு 2 கோடி 66 லட்சம். தலைக்கு 12.67தான் தேறும்.

பாண்டி, 7:24
அதத்தான்ணே சொல்றேன். யான்சன், ரோகிதாஸ் ரெண்டு பேருமே டிஃபன்ஸ், ரெண்டு பேருமே பந்தை ஸ்டிக்கால இழுத்துச் சொடுக்குற ட்ராக் ஃப்ளிக் அடிப்பாய்ங்க. ஒரே வேலைக்கு 1 கோடி 2 லட்சமா?

செல்வி அக்கா, 7:29
ஒரே வேலை இல்ல பாண்டி. ரோகிதாஸை ஃப்ளிக்குக்காக மட்டும் யாரும் வாங்க மாட்டாங்க. கோலுக்கு முன்னாடி இருக்குற வட்டத்துக்குள்ள நாம தப்பு பண்ணி எதிராளிக்கு பெனால்டி கார்னர் கெடைக்கும்போது முதல் ஆளா ஓடி வர்றது அவரு. கோலியோட சேத்து 5 பேருதான் பின்கோட்டுக்குப் பின்னாடி நிக்க முடியும், மத்தவங்க எல்லாம் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம். பந்து கெளம்புனதும் ஃப்ளிக் அடிக்கிறவரு ஸ்டிக்குக்கு நேரா மாஸ்க்கும் முட்டி பேடுமா ஓடணும். தப்பான கோணத்துல ஓடுனா தன் கோலியோட பார்வையையே மறைச்சுரும். இதைச் சரியா செய்றவங்க ரொம்ப கம்மி.

செல்வி அக்கா, 7:31
பாரிஸ் 2024 காலிறுதியில பிரிட்டனுக்கு எதிரா ரெட் கார்டு வாங்கி, ஜெர்மனி செமிஃபைனல்ல தடையில உக்காந்தாருல்ல. அன்னைக்குத் தெரிஞ்சுச்சு அந்த எடத்தோட வெல.

பாண்டி, 7:32
சரிக்கா. அப்ப யான்சன்?

சேகர் அண்ணன், 7:38
கப்பு ஜெயிச்சது யாருன்னு பாரு. 2025 பிப்ரவரி 1, ரூர்கேலால ஃபைனல். பெங்கால் டைகர்ஸ் 4, ஹைதராபாத் டூஃபான்ஸ் 3. பெங்கால்ல ஜுக்ராஜ் சிங் மட்டும் 3 கோலு. அவரை எடுத்தது 48 லட்சத்துக்கு. அங்கிட்டு கொன்சாலோ பெய்லட் 68 லட்சம், அவரும் அன்னைக்கு ஒண்ணு போட்டாரு. கார்னர் அடிக்கிற ஆளை வித்துட்டு கப்பு கேட்டா எப்படி?

முத்து மாமா, 7:40
அப்ப 78 லட்சம் குடுத்து ஃப்ளிக்கர் ஹர்மன்பிரீத்தை எடுத்த சூர்மா டீமு ஏன் ஜெயிக்கல?

சேகர் அண்ணன், 7:46
நல்ல கேள்வி. எந்த டீமா இருந்தாலும் ஃப்ளிக்கருக்கு மட்டும் காசைக் கொட்டுனா வேலைக்காகாது. கார்னர்ல மூணு கை இருக்கு. தள்ளுறவன், நிறுத்துறவன், அடிக்கிறவன். போஸ்ட்ல இருந்து 10 மீட்டராவது தள்ளி பின்கோட்டுல பந்தை வச்சுத் தள்ளணும். வட்டத்துக்கு வெளிய வந்த பெறகுதான் அடிக்கலாம். தள்ளுறது கொஞ்சம் மெதுவானாலும் ஓடி வர்றவனுக்கு ரெண்டு எட்டு கூடக் கெடைச்சுரும். நிறுத்துற எடம் ஒரு சாண் மாறுனா ஃப்ளிக்கர் காலடி தப்பி பந்து நேரா கோலி பேடுக்குத்தான் போகும்.

தினேஷ், 7:48
டர்ஃப், அதான் தண்ணி விட்டு ஆடுற செயற்கைப் புல்தரை, காஞ்சிருந்தா அதவிட மோசம்ணே. பந்து துள்ளும், ஸ்டாப் நிக்காது. முதல் பாதியில ஈரத்துல விழுந்த கார்னரு கடைசி குவார்ட்டர்ல விழாததுக்கு பாதிக் காரணம் அதான்.

செல்வி அக்கா, 7:50
அப்படி நிறுத்தத் தடுமாறுனா நேரா ஹிட் அடிக்கலாம்தான். ஆனா முதல் ஷாட்டு ஹிட்டா இருந்தா கோலுக்குள்ள அடியில இருக்குற 460 மில்லிமீட்டர் பலகை உயரத்துக்குள்ள போகணும். ஃப்ளிக்குக்கு அந்தக் கட்டு இல்ல, ஆபத்தா இல்லேன்னா மேல் மூலையிலயே சொருகலாம். அந்த வித்தியாசத்துக்குத்தான் இம்புட்டு வெல.

பாண்டி, 7:52
அப்ப யாரையாவது மாத்தணும்னா மூணு பேரையும் சேத்துப் பாக்கணும்ங்கிறீங்க.

சேகர் அண்ணன், 7:53
ஆமா. தள்ளுறவனைத் தனியா விட்டுட்டு அடிக்கிறவனை வச்சுக்கிட்டா, உரலை வச்சுக்கிட்டு உலக்கையை வித்த மாதிரி.

தினேஷ், 7:57
ஹார்ட்டுக்குக் குடுத்த 32 அதிகம்னு இங்க போன வாரம் யாரோ சொன்னாய்ங்க. ஆட்டம் சமமானா நடக்குற ஷூட்-அவுட்டை மறந்துறாதீங்க. லீக் ஆட்டத்துல நேரா ஜெயிச்சா 3 பாயின்ட், ஷூட்-அவுட்ல ஜெயிச்சா 2, அதுல தோத்தா 1. 23 மீட்டர் கோட்டுல இருந்து ஒருத்தன் பந்தோட தனியா வந்து கோல் போட 8 செகண்டுதான். கோலி முதல் மூணு செகண்டுல முன்னாடி வந்து கோணத்தைச் சுருக்கணும். சீக்கிரம் படுத்தா மேல தூக்கிப் போட்டுருவாய்ங்க, பின்னாடியே நின்னா வழி விட்ட மாதிரி. அதுக்குன்னே ஒரு ஆளு வேணும்.

முத்து மாமா, 8:01
அப்படி ஆளு இருந்தும் பெங்கால்கிட்ட செமிஃபைனல் ஷூட்-அவுட்லதான போச்சு. கடைசியில நாலாவது எடம்.

தினேஷ், 8:02
கோலி புடிச்சா மட்டும் போதுமா மாமா, நம்மாளும் போடணும்ல 😐

முத்து மாமா, 8:09
கணக்கெல்லாம் ஒத்துக்கிறேன். என் சந்தேகம் வேற. 2012 வேர்ல்டு சீரிஸ் ஹாக்கில சென்னை சீட்டாஸ் இருந்துச்சு, ஒரே சீசன்தான், அதோட சரி. இந்த லீக்கும் 2013ல தொடங்கி 2017ல நின்னு, 7 வருசம் கழிச்சுத்தான் திரும்ப வந்துச்சு. ஹர்திக் சிங்கை 70 லட்சத்துக்கு எடுத்த யூபி ருத்ராஸ் திரும்ப வந்த லீக்கோட ரெண்டாவது சீசனுக்கு முன்னாடி வெலகிருச்சு, லீக் நிர்வாகக் குழுவே அந்த டீமை எடுத்து நடத்துச்சு. டீமே நிக்குமான்னு தெரியாதப்ப யாரை மாத்துனா என்ன?

செல்வி அக்கா, 8:14
இதுல மாமா சொல்றது சரி. மேனேஜ்மென்ட்டை நம்புறதுக்கு நான் பாக்குறது ஜூனியர் நாலு பேரைத்தான். 2024 ஏலத்துல அடிப்படை வெல, அதாவது ஏலம் தொடங்குற வெல, 2, 5, 10 லட்சம்னு மூணு படி. விதிக்காகக் கடைசி நேரத்துல 2 லட்சத்துக்கு நாலு பேரைச் சேத்துட்டு சீசன் பூரா பெஞ்சுல வச்சா, அடுத்த வருசத்தைப் பத்தி அவங்களுக்கு யோசனையே இல்லேன்னு அர்த்தம். நல்ல டீமு ஒரு பையனையாவது தள்ளுறதுக்கோ நிறுத்துறதுக்கோ பழக்கும். எப்ப வேணும்னாலும் ஆளை மாத்திக்கிற ஆட்டம், 2 நிமிசம் எறக்கிவிட முடியாதா?

பாண்டி, 8:16
கார்த்தி செல்வம் மாதிரியா?

செல்வி அக்கா, 8:18
அதே. அரியலூர் பையன், கோவில்பட்டி ஹாஸ்டல்ல தேறுனவன். 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில பாகிஸ்தானுக்கு எதிரா அறிமுக ஆட்டத்துலயே கோல் போட்டான். எடம் குடுத்தாத்தான வருவாங்க. ஜூனியர் உலகக் கோப்பைக்கு நம்ம ரேஸ்கோர்ஸ் டர்ஃப்ல எத்தன பசங்க ஆடிட்டுப் போனாங்க, ஏலத்துல உக்கார்றவங்க அந்தக் கேலரியில உக்காந்து குறிப்பெடுத்திருக்கணும்.

சேகர் அண்ணன், 8:21
வெளிநாட்டு ஆளுக்கு இன்னொண்ணு பாக்கணும். ஜனவரியில ஐரோப்பிய கிளப் ஆட்டம் குளிருக்கு நிக்கும், அதனால டச்சு, ஜெர்மன் ஆளுங்க வர முடியும். ஆனா தேசிய டீம் கேம்ப் நடுவுல விழுந்தா பாதியில போயிருவாய்ங்க. மொத்த சீசனுக்கும் வருவானான்னு எழுதி வாங்காம 40 லட்சம் குடுக்குறது மேனேஜ்மென்ட் தப்பு, ஆட்டக்காரன் தப்பில்ல.

பாண்டி, 8:25
சரிண்ணே, தோத்தேன். யான்சன் இருக்கட்டும். புதுசா ஷீட் போடுறேன். முதல் வரியில இன்ஜெக்டர் (தள்ளுறவன்), ரெண்டாவது ஸ்டாப்பர் (நிறுத்துறவன்), பெறகுதான் மத்ததெல்லாம்.

முத்து மாமா, 8:26
ஓனர் யாருன்னு ஒரு வரி விட்டு வையி. பென்சில்ல எழுது.

தினேஷ், 8:27
🤣🤣

பாண்டி, 8:28
நாளைக்குக் காலையில கார்னர் பழகுறவய்ங்க 6 மணிக்கு வந்துருங்க. தண்ணி விட்டதும் முதல் அரை மணி நேரந்தான் டர்ஃப் நல்லாருக்கும். ஸ்டாப்பருக்கு ஆளு இல்ல, யாராச்சும் கை தூக்குங்க.