2030ல ஹைஸ்கூல் முடிக்கிற 13 வயசு பேஸ்பால் பிட்சர் (பந்து எறியறவன்): காலேஜ் ரெக்ரூட்டிங்குக்கு (டீமுக்கு ஆள் எடுக்கறது) இப்பவே ஷோகேஸ் போகணுமா?

ஃப்ரிஸ்கோ அப்பா:
மகன் 8ஆம் வகுப்பு. டிராவல் டீமில் (ஊர் ஊராப் போய் ஆடற தனியார் டீம்) பிட்சர், சில நாள் கேட்சரும் (எறியற பந்தைப் பிடிக்கிறவன்) பண்றான். மூணு யூனிவர்சிட்டி கேம்ப்பிலிருந்து அவன் பேர் போட்டே மெயில் வந்திருக்கு. இந்தக் கோடையில ஷோகேஸ், அதாவது காலேஜ் கோச்சுங்க முன்னாடி ஆடிக் காட்டற நிகழ்ச்சி, போகலைன்னா இடம் போயிடும்னு டீம் கோச் சொல்றார். நிஜமாவே இவ்வளவு சீக்கிரமா?

கர்வ்பால்:
அந்த மெயிலை ரெக்ரூட்டிங்னு எடுத்துக்காதீங்க சார். கேம்ப் விளம்பரத்தை எந்த வயசுப் பையனுக்கும் அனுப்பலாம். டிவிஷன் 1 (காலேஜ் விளையாட்டோட மேல்மட்டப் பிரிவு; 2, 3 அதுக்கு அடுத்தது) பேஸ்பால் கோச் ரெக்ரூட்டிங் பேச்சைத் தொடங்குறதே ஜூனியர் வருஷத்துக்கு (11ஆம் வகுப்பு) முந்தின ஆகஸ்ட் 1லதான். 2023ல வந்த விதி. உங்க பையனுக்கு அது 2028. அதுக்கு முன்னாடி 9ஆம் வகுப்புலயே ‘இந்தக் காலேஜுக்குத்தான் வருவேன்’னு வாய்மொழியா கமிட் பண்ண வச்சாங்க. உங்க கோச் சொல்றது அந்தக் காலத்துக் கணக்கு. டிவிஷன் 2க்கு 2028 ஜூன் 15. டிவிஷன் 3, ஜூனியர் காலேஜ் (ரெண்டு வருஷக் காலேஜ்) கோச்சுங்க எப்ப வேணும்னாலும் பேசலாம்.

இப்ப கவனிக்க வேண்டியது அவன் கை. பிட்சர் பசங்க கையைக் காக்கற பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல்ல 13-14 வயசுக்கு ஒரு நாளைக்கு 95 பந்துதான் உச்சம். 66 ஆயிட்டா நாலு நாள் ஓய்வு. ஒரே மேட்ச்ல பிட்சர், கேட்சர் ரெண்டும் வேண்டவே வேண்டாம்: கேட்சர் திருப்பி எறியற பந்து எதுவும் கணக்குல வராது. ரெண்டு டீமுக்கு ஆடினா மொத்த எண்ணிக்கையை யாரும் வச்சுக்க மாட்டாங்க, நீங்கதான் குறிச்சு வைக்கணும். வருஷத்துல நாலு மாசம் எறியக் கூடாது, அதுல ரெண்டு மூணு மாசமாவது தொடர்ச்சியா. குளிர்கால ஷோகேஸ் முதல்ல கெடுக்கறது இந்த ஓய்வைத்தான். பந்து வேகத்தை அளக்கற ரேடார் கன்னைப் பார்த்ததும், தயாராகாத தோளோட முழு வேகத்துல எறிவான்.

பூஸ்டன் மாமி:
மார்க்கை மறந்துடாதீங்க. 9ஆம் வகுப்பிலிருந்தே எண்ணுவாங்க. டிவிஷன் 1க்கு 16 கோர் கோர்ஸ் (முக்கியப் பாடங்கள்), கோர் ஜிபிஏ (அந்தப் பாடங்களோட கிரேடு சராசரி) குறைஞ்சது 2.3. அதுல பத்து கோர்ஸ் 12ஆம் வகுப்பு தொடங்கறதுக்குள்ள முடியணும், அந்தப் பத்துல ஏழு இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ். அந்தப் பத்தையும் 12ல திரும்பப் படிச்சு கிரேடு ஏத்த முடியாது.

ஷார்ட்ஸ்டாப்:
10ஆம் வகுப்பு முடியற கோடைக்கு ஷோகேஸ் பணத்தைச் சேர்த்து வைங்க. அப்ப கோச்சுங்களுக்கு நீங்களா எழுதுங்க: தலைப்புலயே ஹைஸ்கூல் முடிக்கிற வருஷம், பொசிஷன், உயரம், உள்ளே ஜிபிஏ, ரெண்டு நிமிஷ வீடியோ, மைதான நம்பரோட மேட்ச் அட்டவணை, டீம் கோச் ஃபோன். பிட்சர் வீடியோவை கேட்சருக்குப் பின்னாலிருந்தும், பக்கவாட்டிலிருந்தும் எடுங்க. அவனே எழுதட்டும், அப்பா எழுதின மெயில் உடனே தெரிஞ்சுடும்.

2025-26லிருந்து, வீரர்களுக்குக் காலேஜே பணம் தரலாம்னு வந்த ஹவுஸ் வழக்கு ஒப்பந்தத்துல சேர்ந்த டிவிஷன் 1 டீம்ல 34 பேர்தான். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (காலேஜ் மாற விரும்பற வீரர்கள் பட்டியல்) வழியா 21 வயசுப் பையன் கிடைக்கும்போது, ஹைஸ்கூல் பையனுக்கு இடம் சுருங்குது.

படிப்புல கெட்டின்னா எம்ஐடி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி மாதிரி டிவிஷன் 3 இடங்களையும் பட்டியல்ல வைங்க. விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. பல இடத்துல 11 முடிஞ்ச ஜூலையில கோச் மார்க்‌ஷீட்டை அட்மிஷன் ஆஃபீஸ்ல முன்கூட்டியே காட்டிப் பார்ப்பார். அந்த பதில் வந்தப்புறம்தான் அவர் உறுதியா பேசுவார், அதுக்குள்ள மத்த கோச்சுங்களோட பேச்சை நிறுத்திடாதீங்க.