உசிலம்பட்டி பக்கம் ராத்திரி திறந்திருக்கும் லேப் இருக்கா?
மதுரை மக்களே, அவசரம். அண்ணன் மகனுக்கு டெங்கு. காய்ச்சல் விட்டுருச்சு, ஆனா இந்த நேரத்துலதான் ரொம்பக் கவனமா இருக்கணும்னு டாக்டர் சொல்றார். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிஞ்சா ரத்தம் கெட்டியாகி ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு காட்டுற, ரிப்போர்ட்ல பிசிவின்னு இருக்கிற அளவு, ஏறுமாம். முதல்ல இருந்ததைவிட 20 சதவீதம் கூடினா ஆபத்து. பையனுக்கு 36 இருந்தது, இன்னைக்குக் காலையில 41. வீட்ல எல்லாரும் பிளேட்லெட்டையே கேக்குறாங்க, எனக்கு இந்த 41தான் பயமா இருக்கு.

ராத்திரி மறுபடி பாக்கணும். பெரிய மெஷின் இல்லாட்டியும் பரவாயில்ல, மெல்லிய கண்ணாடிக் குழாயில ரத்தம் எடுத்து சென்ட்ரிஃபியூஜ்ல 5 நிமிஷம் சுத்தினாலே தெரிஞ்சிரும். உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம், எங்க இருந்தாலும் சொல்லுங்க. இல்லைன்னா இப்பவே ராஜாஜி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிரலாமா? லேப்ல வேலை பாக்குற அண்ணன், அக்கா யாராவது உடனே பதில் போடுங்க.