தொழில்முனைவுப் பாடத்தால் பயன் உண்டா என்று எப்படிக் கணக்கிடுவது?

கொங்கு_லெக்சரர்:
பொறியியல் கல்லூரி ஒன்றில் தொழில்முனைவுப் பாடமும், இ.டி. செல் எனப்படும் தொழில்முனைவு வளர்ச்சிப் பிரிவும் என் தலையில். ஐ.ஐ.சி. (மத்திய கல்வி அமைச்சகத் திட்டத்தில் கல்லூரிகள் அமைக்கும் புத்தாக்க மன்றம்) போர்ட்டலில் காலாண்டு தவறாமல் அறிக்கை, போட்டோ எல்லாம் ஏற்றுகிறோம், ஸ்டார் ரேட்டிங்கும் கிடைக்கிறது. ஆனால் பசங்கள் என்ன கற்றார்கள் என்று பிரின்சிபால் கேட்டால் என்னிடம் இருப்பது வருகைப் பதிவும், "செஷன் சூப்பர் சார்" என்று நிரம்பி வழியும் கூகுள் ஃபார்மும்தான். மூடில் (ஆன்லைன் பாடத் தளம்) இருக்கிறது, எக்செல் தெரியும், தனி சாஃப்ட்வேர் வாங்கப் பணம் கிடையாது. உருப்படியான வழி உண்டா?

எக்செல்_பைத்தியம்:
ஃபார்ம் போதும், கடைசி நாளில் மட்டும் கொடுத்தால்தான் வீண். முதல் வகுப்பில் ஒன்று, முடிவில் அதே கேள்விகளோடு இன்னொன்று. லின்யான், சென் இருவரும் தொழில் தொடங்கும் எண்ணத்தை அளக்க 2009-ல் வெளியிட்ட கேள்வித்தொகுப்பு இதற்கென்றே இருக்கிறது. ரோல் நம்பரை டிராப்-டவுனில் வையுங்கள், கையால் அடிக்கவிட்டால் ஒருவன் 21சிஎஸ்045 என்பான், இன்னொருவன் நடுவில் இடைவெளி விடுவான், அப்புறம் இரண்டு ஃபார்மையும் பொருத்தும் எக்செல் விலுக்அப் முழுக்கப் பிழைதான்.

மனிதவளம்_மதுரை:
ரோல் நம்பர் வேண்டவே வேண்டாம். இன்டர்னல் மார்க் உங்கள் கையில், எவன் உண்மையைச் சொல்வான்? அம்மாவின் போன் எண்ணில் கடைசி மூன்று இலக்கம், கூடவே பிறந்த தேதி, இதையே குறியீடாகக் கேளுங்கள், இரண்டு ஃபார்மையும் சேர்க்க அது போதும்.

இன்னொன்று, தொழில் தொடங்கும் ஆர்வம் குறைந்தால் பதறாதீர்கள். நெதர்லாந்தில் ஒரு கல்லூரியின் இரண்டு வளாகங்களை ஒப்பிட்டு ஊஸ்டர்பேக் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், மினி கம்பெனி நடத்திய மாணவர்களின் ஆர்வம் குறைந்துதான் போனது. நமக்கு ஒத்துவராது என்று படிக்கும்போதே ஒருவனுக்குத் தெரிவது, அப்பாவின் நிலத்தை அடகு வைத்த பிறகு தெரிவதைவிட எவ்வளவோ மேல். அதனால் "தொடங்குவாயா" என்பதோடு "இந்தப் பதிலில் எவ்வளவு உறுதி" என்றும் கேளுங்கள். இந்தப் பாடம் எடுக்காத ஒரு செக்‌ஷனுக்கும் அதே ஃபார்மைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மாற்றம் பாடத்தால் வந்ததா, பிளேஸ்மென்ட் சீசனால் வந்ததா என்றே தெரியாது.

ஐடி_ஆள்:
மூடில் லாகை (யார் எதை எப்போது திறந்தார் என்ற பதிவை) நம்பி கிராஃப் போடாதீர்கள், வீடியோவை ஓடவிட்டுவிட்டு கேன்டீன் போனவர்கள் நாங்கள். பிசினஸ் பிளானை கூகுள் டாக்ஸில் எழுதச் சொல்லி வெர்ஷன் ஹிஸ்டரியைப் பாருங்கள். வாடிக்கையாளர்களிடம் பேசி வந்த பிறகு விலையோ, யாருக்கு விற்பது என்பதோ மாறியிருந்தால் கற்றிருக்கிறான். முதல் நாள் எழுதியது அப்படியே இருந்தால் பேசவே போகவில்லை.

படித்து முடித்தவர்களைத் தொடர வேண்டுமானால் சொந்த மெயிலை இப்போதே வாங்கி வையுங்கள், கல்லூரி மெயில் பல இடங்களில் முடக்கப்பட்டுவிடும். உத்யம் எண் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு எண்) கொடுத்தால் போர்ட்டலில் சரிபார்க்கலாம், ஆனால் அது இலவசம், சுய அறிவிப்பு, அதை மட்டும் வைத்துத் தொழில் நடக்கிறது என்று சொல்ல முடியாது. போன மாதம் யாருக்காவது பில் போட்டாயா என்று கேட்பதுதான் நம்பகமானது.

கொங்கு_லெக்சரர்:
சரி, குறியீட்டுக்கே போகிறேன். உத்யம் எண்ணுக்குப் பெயர் தேவைப்படும், அதைத் தனி ஃபார்மாக, விருப்பம் உள்ளவர்களிடம் மட்டும் கேட்கிறேன். ஒப்பிட மெக்கானிக்கல் பி செக்‌ஷன் கிடைக்குமா என்று எச்.ஓ.டி.யிடம் பேச வேண்டும்.