கழிமுக நீர்த்தேக்கங்களில் மழைக்காலத்தில் அடிநீர் கெடுவது ஏன்?

கேள்வி: கயல்

வணக்கம். தென்கொரியாவின் சிஹ்வா ஏரியைப் பற்றிப் படித்து வருகிறேன். 1994-இல் 12.7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலை மறித்துச் சுவர் எழுப்பி, கழிமுகத்தை நன்னீர்த் தேக்கமாக்க முயன்றார்கள். நீர் கெட்டதால் மதகுகளைத் திறந்து கடல்நீரை உள்ளே விட்டு, இறுதியில் நன்னீர்த் திட்டத்தையே கைவிட்டார்கள். தொழிற்சாலைக் கழிவு வந்து சேர்ந்தது விளங்குகிறது. ஆனால் கோடை மழையில் புதுநீர் பெருகும் வேளையிலேயே அடிநீரில் ஆக்சிஜன் அற்றுப்போவது ஏன்?

மறுமொழி: ஆற்றுமணல்

புதுநீர் அடிவரை செல்வதில்லை என்பதே காரணம். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கூடினால் ஒரு கனமீட்டர் நீரின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ கூடும். வெப்பம் 20 டிகிரியிலிருந்து 25-க்கு உயர்ந்தாலோ 1.2 கிலோ அளவே குறையும். ஆகவே இரண்டு கிராம் உப்பு வேறுபாடே ஐந்து டிகிரி வேறுபாட்டை விஞ்சிவிடுகிறது. சுவர் எழுப்பியபோது உள்ளே சிக்கிய கடல்நீர் அடியில் கிடக்க, மழைநீர் அதன்மேல் பரவி, காற்றோடு அதற்கிருந்த தொடர்பை அறுத்துவிடுகிறது. மேலே செழிக்கும் பாசி மடிந்து அடியில் விழுந்து அழுகும்போது, அங்கு எஞ்சியுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. கடல்நீரில் சல்பேட் மிகுதி என்பதால், அடுத்து நுண்ணுயிர்கள் அதைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயுவை உண்டாக்குகின்றன. வண்டலில் கட்டுண்டிருந்த, பாசிக்கு உரமாகும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறுகிறது.

கயல்

நன்றி ஐயா. குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கீழிறங்கினால் அடுக்கு கலைந்துவிடாதா?

மறுமொழி: ஆற்றுமணல்

நன்னீர் ஏரியில் கலையும். இங்கு 4 டிகிரிக்குக் குளிர்ந்த நன்னீரின் எடை கனமீட்டருக்கு 1000 கிலோ; லிட்டருக்கு 20 கிராம் உப்புள்ள அடிநீர் 20 டிகிரியில்கூட ஏறத்தாழ 1013 கிலோ இருக்கும். உப்பு வேறுபாடு ஏற்கெனவே சுருங்கியிருந்தால் மட்டுமே குளிரும் காற்றும் கைகொடுக்கும். சிஹ்வாவில் கடல்நீரின் போக்குவரத்தே தீர்வானது. 2011 முதல் அங்கு கடலின் ஏற்றவற்றத்தைக் கொண்டு 254 மெகாவாட் மின்நிலையம் இயங்குகிறது. நன்னீருக்காகக் கட்டிய சுவர் மின்சாரத்துக்குப் பயன்படுவது வேடிக்கைதான்.

மறுமொழி: காலாங் கரையோரம்

சிங்கப்பூரின் மரீனா நீர்த்தேக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2008-இல் தடுப்பணை திறக்கப்பட்டு, மழைநீர் உப்பை மெல்ல மெல்ல வெளியேற்றியதால் 2010-இல் அது நன்னீர்த் தேக்கமானது. நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு அதன் நீர்பிடிப்புப் பகுதி என்பதால் வரத்துக்குக் குறைவில்லை. அங்கு குளிர்காலம் கிடையாது. ஆகவே பருவ மாற்றமென்றால் மழையும் காற்றும்தான்.

பொதுவாக, மேல்வழியும் மதகுகள் மேல்நீரையே வெளியேற்றி, கனமான அடிநீரை விட்டுவைக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். எனவே மேற்பரப்பு மாதிரியை மட்டும் நம்பாதீர்கள்: நண்பகலில் பாசி வெளியிடும் ஆக்சிஜனால், அதன் அளவு செறிவு வரம்பையும் (காற்றோடு சமநிலையில் நீரில் கரைந்திருக்கக்கூடிய அளவையும்) தாண்டித் தெரியலாம். மீட்டருக்கு மீட்டர் உப்பு, வெப்பம், ஆக்சிஜன் மூன்றையும் அடிவரை அளந்து, பெருமழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள்.