பேச்சு குழறினால் குடித்திருக்கிறார் என்று அர்த்தமா?

கொடிக்கால்:
என் சித்தப்பாவுக்கு வயது 58. இரண்டு வருஷம் முன்பு பக்கவாதம் வந்தது. கை, கால் சரியாகிவிட்டன, நாக்குதான் முழுதாகத் திரும்பவில்லை. 'சரவணன்' என்பது 'ஷரவணன்' என்று வரும். போன சனிக்கிழமை ராத்திரி போலீஸ்காரர்கள் மொபெட்டை நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். "மருந்து வாங்கிட்டு வர்றேன்" என்றாராம். "எந்தக் கடை மருந்து?" என்று ஒரே சிரிப்பு. ஊதும் கருவி வர இருபது நிமிஷம். ஊதினார், பூஜ்யம். அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து மனிதர் வெளியாட்களிடம் வாயே திறப்பதில்லை. பேச்சை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியுமா?

இரவுப்பணி:
அவசரப் பிரிவில் பல வருஷம் இருந்தவன். நாங்கள் எழுதும் குடிபோதைச் சான்றில் வாடை, கண்மணி, நடை இவற்றோடு பேச்சையும் குறிப்போம். ஒருமுறை 'முழு போதை' என்று ஒருவரை அழைத்து வந்தார்கள். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை வெறும் 38, ரொம்பத் தாழ்வு. குளுக்கோஸ் ஏற்றினோம். எழுந்து உட்கார்ந்து, தெளிவாக, செருப்பு எங்கே என்று கேட்டார். தினமும் குடித்துப் பழகியவரோ கணீரென்று பேசுவார். எனக்குப் பயம் அந்த ஆளிடம்தான்.

வாய்தா:
அந்தச் சிரிப்பு தப்பு. ஆனால் குழறலைக் கேட்டால் சந்தேகப்படத்தான் செய்வார்கள், ஊதச் சொன்னதும் சரி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185 கேட்பது அளவை: 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால். மது வாடை, தள்ளாட்டம், கோர்வையற்ற பேச்சு இவற்றை மட்டும் வைத்துப் போதை என்று முடிவு கட்ட முடியாது என்று 1971லேயே பச்சுபாய் கர்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆழி:
அந்த 'ஷ' சாதாரண விஷயமில்லை! 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவில் பாறையில் ஏறியதே, அதன் கேப்டனின் ரேடியோ பேச்சைப் பிறகு ஆராய்ந்தார்கள். விபத்தை ஒட்டிப் பேச்சு மெதுவாகியிருந்தது, 'ஸ்' 'ஷ்' பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் ஒப்பிட்டது அதே ஆளின் வேறு நேரப் பேச்சோடு. அப்படியும் களைப்பாக இருக்கலாம், அதிர்ச்சியாக இருக்கலாம் என்ற கேள்வி போகவில்லை. போதையில் கப்பல் ஓட்டினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து 1990இல் ஜூரி அவரை விடுவித்தது. உங்கள் சித்தப்பா நேற்று எப்படிப் பேசினார் என்று சாலையில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்?

கொடிக்கால்:
நன்றி. சித்தப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு, இனி அதையும் கவனிக்கிறோம். பக்கவாதத்தால் பேச்சு இப்படி என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வண்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். "அதைக் காட்டுறதுக்கு முன்னாடி ஊதிக் காட்டிடுறேன், அதுதான் சீக்கிரம்" என்கிறார்.