கூச்சம் எண்டு சொல்லியே வருசங்கள் போச்சு: கொழும்பில் சிகிச்சை எடுத்தவை எழுதுங்கோ

மரைன் டிரைவ்:
சோஷல் ஆங்ஸைட்டி டிஸ்ஓடர், அதாவது ஆக்களுக்கு முன்னால வாற பயம் ஒரு வருத்தமாகிறது எண்டு வைத்தியர் சொல்லேக்க எனக்கு முப்பது வயது தாண்டிட்டுது. அதுவரைக்கும் வீட்டில “கூச்ச சுபாவம், கலியாணம் கட்டினால் சரியாகும்” எண்டதுதான் கதை. எனக்கு இது பள்ளிக்கூடக் காலத்திலயே வந்திட்டுது. கனபேருக்குப் பதின்ம வயதிலதான் தொடங்குமாம். ஆக்கள் என்னைக் குறைவா நினைச்சுப்போடுவினம் எண்ட பயம் ஆறு மாசத்துக்கு மேல விடாமல் நிண்டு, படிப்பையும் வேலையையும் குழப்பினால் அதை வருத்தம் எண்டுதான் எடுக்கவேணும்.

கொழும்புக்கு வேலைக்கு வந்தபிறகு கூடிட்டுது. வெள்ளவத்தையில 100 பஸ் ஏறி கொள்ளுப்பிட்டியில இறங்க “பஹினவா”, சிங்களத்தில ‘இறங்கப்போறன்’, எண்டு ஒரு சொல்லுச் சொல்லவேணும். பம்பலப்பிட்டி தாண்டினவுடன அதை மனசுக்குள்ள சொல்லிப் பாக்கத் தொடங்குவன். உச்சரிப்புப் பிழைச்சு முழுப் பஸ்ஸும் திரும்பிப் பாத்தால்? உள்ளங்கை வேர்த்து, பிடிச்ச கம்பி வழுக்கும். வேறை ஆராவது எழும்பினால் அவைக்குப் பின்னால போய் நிப்பன். ஒருத்தரும் எழும்பாட்டி கோட்டை வரைக்கும் போய்த்தான் இறங்குவன்.

உளவியலாளர் முதல்ல என்னட்டக் கேட்டது, “பயம் வந்தவுடன என்ன செய்வீங்கள்?” எண்டு. சொல்லப்போற வசனத்தை ஒத்திகை பாக்கிறது, மீற்றிங்கில கதவுக்குப் பக்கத்தில இருக்கிறது, கை நடுங்கிறது தெரியாமல் கோப்பையை ரெண்டு கையாலயும் பிடிக்கிறது எண்டு எல்லாத்தையும் சொன்னன். இதுகளைப் பாதுகாப்பு நடத்தைகள் எண்டு சொல்லுவினமாம். ஒரு கேடும் நடக்கேல்லை எண்டால், இதுகளாலதான் தப்பினன் எண்டு மூளை கணக்குப் போட்டுவிடும். அதால பயம் பிழையெண்டு காட்டுறதுக்கு ஒரு சந்தர்ப்பமே வராது. என்ர குரலையும் முகத்தையும் நானே உள்ளுக்குள்ள கண்காணிச்சுக்கொண்டிருக்கிறதால முன்னால இருக்கிறவர் சிரிச்சதுகூட எனக்குத் தெரியிறதில்லை. டேவிட் கிளார்க், அட்ரியன் வெல்ஸ் எண்ட ரெண்டு உளவியலாளர்கள் 1995இல எழுதின விளக்கமாம் இது. எனக்கு என்ர வாழ்க்கையை ஆரோ பாத்து எழுதினமாதிரி இருந்துது.

பிறகு ஒரு பரிசோதனை. அந்த உளவியலாளரோட ரெண்டுதரம் கதைச்சன்: ஒருக்கா பழைய தந்திரங்களோட, ஒருக்கா அதுகளை விட்டிட்டு. ரெண்டையும் ஃபோனில எடுத்தா. வீடியோவைப் பாக்க முதல், நான் எப்பிடித் தெரிவன் எண்டு எழுதச் சொன்னா. “முகம் சிவந்து, குரல் நடுங்கி” எண்டு எழுதினன். வீடியோவில அப்பிடி ஒண்டும் இல்லை. தந்திரங்களோட கதைச்சதில, எதிரில இருக்கிறவவைப் பிடிக்காத ஆள்மாதிரி ஒதுங்கி இருந்தன். மற்றதில ஒரு சாதாரண பொம்பிளை கதைச்சுக்கொண்டிருக்கிறா. அழுதிட்டன்.

அதுக்குப் பிறகுதான் வெளி வேலைகள். பஸ்ஸின்ர நடுவில நிண்டு “பஹினவா” எண்டு சத்தமாச் சொன்னன், ஒருத்தரும் திரும்பேல்லை. கடையில வேணுமெண்டே பிழையான சிங்களத்தில தக்காளி விலை கேட்டன். கடைக்காரர் எத்தனை கிலோ எண்டு மட்டும் கேட்டார்.

வத்தளையான்:
எனக்கு உளவியல் சிகிச்சையோட குளிசையும் தந்தவை, சேட்ரலின். முதல் ரெண்டு கிழமை வயித்தைப் பிரட்டினது, நித்திரையும் குழம்பினது. பலன் தெரியக் கன கிழமை எடுக்கும், பன்ரெண்டு கிழமைகூடப் போகலாம் எண்டு முன்னமே சொன்னபடியால்தான் விடாமல் போட்டன். சுகம் வந்தபிறகும் குறைஞ்சது ஆறு மாசம் தொடரவேணும், திடீரெண்டு நிப்பாட்டக்கூடாது.

இதுக்கு முதல் ஒரு தனியார் கிளினிக்கில ஐஞ்சு நிமிசம்கூடக் கதைக்காமல் டயஸிபாம் எழுதித் தந்தவை. குடிச்சவுடன பதற்றம் இறங்கும், அதுதான் ஆபத்து. அந்த வகைக் குளிசை பழக்கமாகிப்போகும். அதை நினைச்சால் இப்பவும் கோபம் வருது. பெடியள் வைவாவுக்கு (வாய்மொழிப் பரீட்சைக்கு) முதல் போடுற புரொப்ரனலோல் நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும்தான் குறைக்கும், அடியில இருக்கிற பயத்தைத் தொடாது. ஆஸ்துமா இருக்கிறவை அதைத் தொடவே கூடாது. சிநேகிதன்ர பைக்கற்றில இருந்து எடுத்துப் போடாதேங்கோ.

கொட்டாஞ்சேனை அம்மா:
என்ர மகனுக்குப் பன்ரெண்டு வயது. வகுப்பில வாயே திறக்கிறதில்லை. ரீச்சருக்கு அவன் “நல்ல அமைதியான பிள்ளை.” கடையில, உறவுக்காரர் வீட்டில எல்லாம் அவனுக்குப் பதிலா நான்தான் கதைக்கிறன். ஆரிட்டக் காட்டுறது, பிள்ளை? அங்கொடை மனநல ஆஸ்பத்திரி எண்டு சொன்னாலே இவர் பதறுறார்.

மரைன் டிரைவ்:
அக்கா, மகன்ர வயதுக்கு லேடி ரிட்ஜ்வே ஆஸ்பத்திரியில சிறுவர் மனநலப் பிரிவு இருக்கு, அரசாங்க ஆஸ்பத்திரி, காசு இல்லை. பெரியாக்களுக்குத் தேசிய வைத்தியசாலையிலயும் மனநலக் கிளினிக் இருக்கு. அங்கொடையைப் பற்றி எங்கட சனம் பகிடி பண்ணிப் பண்ணியே கனபேரை வைத்தியத்துக்குப் போகவிடாமல் வைச்சிருக்கு. அங்க இருக்கிறது தேசிய மனநல நிறுவகம். முதல்ல ஃபோனில கதைக்க விரும்பினால் அவையின்ர 1926 எண்ட இலக்கத்துக்கு எடுங்கோ.

பிள்ளையளுக்குக் குளிசையில தொடங்கமாட்டினம், கதைச்சுப் பழக்கிற சிகிச்சைதான் முதல். நீங்கள் கதைக்கிறதை ஒரேயடியா நிப்பாட்டிப்போட்டு அவனைத் தள்ளிவிடாதேங்கோ. அவனுக்குப் பதிலா எங்கெங்க கதைக்கிறீங்கள் எண்டு ஒரு கொப்பியில எழுதி, ஆகக் குறைஞ்ச பயம் உள்ளதை மேல போட்டுக்கொண்டு போங்கோ. படிப்படியா எந்த இடத்தில இருந்து தொடங்கிறது எண்டு அதை வைச்சு ஆஸ்பத்திரியில சொல்லுவினம்.